ஏழு கேசட்டுக்கு ஆறு எண்டர்

கம்ப்யூட்டர் வேலையா தம்பிக்கு? அப்பம் நல்லதாப் போச்சு. இந்தக் கதைய யாருகிட்ட ஆரம்பிச்சாலும், “அண்ணாச்சி, எங்களுக்கு அதெல்லாம் புரியாது”ன்னு எந்திரிச்சுப் போயிருதான். உங்களுக்குப் புரியும். இந்த பஸ்ஸுல தென்காசி வரைக்குமா போறிய? நானும் அங்கதான். திங்கக்கிழமை புது ஆபீஸ்ல சேரணும். பேருதான் இடமாத்தல். உள்ளதச் சொன்னா தண்டனை.

என் பேரு கோமதிநாயகம். ஸ்டோர் கீப்பரா சேந்து இருவத்தாறு வருசம் ஆச்சு. கடைசி ஒம்பது வருசம் கடல்கரை ஓரத்துல ஒரு ஆராய்ச்சி ஆபீஸ்ல இருந்தேன். ஆபீஸ் பேரு வேண்டாம். விசாரணை முடிஞ்ச சூடு இன்னும் ஆறல.

அங்கன ஜெசிந்தா மச்சாதுன்னு ஒரு விஞ்ஞானி அம்மா. மேடம்னுதான் சொல்லுவோம். அவுக வேலை என்னன்னு கேட்டா சிரிப்பிய. கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கது. படகுல ஒரு கருவியக் கட்டித் தொங்கவிட்டு, சத்தத்த அனுப்பி, அது திரும்பி வாரத வச்சு அடிமண்ணு எப்பிடி இருக்கு, பவளப்பாறை எவ்வளவு ஒசரம் இருக்குன்னு படம் எடுப்பாவ. பதினோரு வருசமா எடுத்தாவ. ஒரே எடத்தத் திரும்பத் திரும்ப எடுப்பாவ. போன மாசம் எடுத்த எடத்த இந்த மாசமும் எடுக்கணுமாம். நான் ஒரு நாள் கேட்டேன், “என்ன மேடம், போன தடவை சரியா விழலையா?”ன்னு. சிரிச்சுக்கிட்டே படகப் பாக்கப் போயிட்டாவ. படிச்சவங்களுக்கு அந்தக் கொழுப்பு உண்டும்.

அந்தப் படமெல்லாம் மாடியில சர்வர்ல கெடக்கும். மலை மாதிரி. அதுக்கு வாராவாரம் பேக்கப், அதான் இன்னொரு நகல், எடுக்கணும். ஒரு கேசட்ல அடங்காது, ஏழு கேசட் வேணும். ஒண்ணு நெறஞ்சதும் கழட்டிட்டு அடுத்ததப் போடணும். உங்களுக்குத் தெரியாததா.

முன்னால ஷேக் தாவூதுன்னு ஒரு பையன் அதப் பாத்தான். கெட்டிக்காரன், ஆனா வாய் ஜாஸ்தி. பெங்களூருல வேலை கெடச்சுப் போயிட்டான். அவன் எடத்துக்கு ஆளே போடல. டைரக்டர் என்னையக் கூப்பிட்டாரு. “கோமதிநாயகம், கேசட்டெல்லாம் உங்க ஸ்டோர் சாமான்தானே? நீங்களே பாத்துக்கிடுங்க”ன்னாரு. நான் மாட்டேன்னு சொன்னனா? சொல்லல. அதக் குறிச்சுக்கிடுங்க.

தாவூது போறதுக்கு முன்னால ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தான். ஒரு தாள்ல எழுதி என் மேசைக்கு மேல ஒட்டிட்டும் போனான். ‘கேசட் முடிந்ததும் மிஷின் கேட்கும். அடுத்த கேசட்டைப் போடவும். பிறகு எண்டர் தட்டவும்.’ இதுல எண்டர் தட்டவும்ங்கதுக்கு அடியில மட்டும் செவப்பு மையில கோடு. கோட்ட எங்க போட்டான்னு பாத்தியளா? எது முக்கியமோ அதுக்குத்தானே மனுசன் கோடு போடுவான். விசாரணையில இதத்தான் நான் மொத பாயிண்டா வச்சேன்.

அவன் போனதும் நான் செஞ்ச மொத வேலை, பழைய கேசட்டெல்லாம் ஒதவாதுன்னு எழுதிக் கண்டம் பண்ணினது. தாவூது காலத்துல உள்ளது, லேபிள் பூரா கிறுக்கல். புதுசு ஏழு வந்திருந்துது. ஸ்டோர்ல பழசும் புதுசும் கலந்து கெடக்கக் கூடாது, அது விதி. மூணு பேரு கமிட்டி போட்டு, சுத்தியல வச்சு ஒடச்சு, சர்டிபிகேட் வாங்கி பைல்ல வச்சேன். அப்பிடி ஒரு சுத்தம் அந்த ஆபீஸ்ல அதுக்கு முன்னால இருந்ததில்ல.

புது கேசட்டுக்கு லேபிள் எழுதினேன் பாருங்க. எனக்குக் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏழு வரைக்கும். இரும்பு பீரோவுல வெல்வெட் துணி விரிச்சு அடுக்கினேன். ஆடிட்டுக்கு வந்தவரு பாத்துட்டு, “நகைக்கடை மாதிரி இருக்கே”ன்னாரு.

மொத வெள்ளிக்கிழமை. ரெண்டு மணிக்கு ஒண்ணாம் கேசட்ட மாடியில மாட்டிட்டு எறங்கி வந்தேன். மிஷின் மாடியில, என் கம்ப்யூட்டர் கீழ. சரியா ஐம்பது நிமிசத்துல திரையில கேக்குது, அடுத்த கேசட்டப் போட்டுட்டு எண்டர் தட்டுன்னு. இங்கிலீசுலதான். எனக்கு முட்டுவலி. மாடிக்கு இருவத்திநாலு படி. மேல போனா ஐஸ் பொட்டிக்குள்ள உக்காந்த மாதிரி ஏசி வேற. ஏழு கேசட்டுக்கு ஆறு தடவை ஏறி எறங்கணும். மனுசன் செய்யுத காரியமா? சரி, தட்டித்தான் பாப்பமேன்னு இருந்த எடத்துல இருந்தே எண்டர் தட்டினேன்.

ஓடிட்டு தம்பி! ஒரு வார்த்தை சொல்லல. கேசட்டு மாறலியேன்னு கேக்கல, நிக்கல, கத்தல. கம்முனு ஓடுது. அப்பந்தான் எனக்குத் தெரிஞ்சுது, மாத்தணும்ங்கது சும்மா சம்பிரதாயம். இந்தத் தாவூது எத்தன வருசம் இருவத்திநாலு படி ஏறி எறங்கியிருக்கான்! கெட்டிக்காரன்னு பேரு மட்டும்.

என்ன தம்பி, இருமுதிய? தண்ணி குடிங்க.

அதுக்கு மேலயும் ஒண்ணு கண்டுபிடிச்சேன். அஞ்சே முக்காலுக்கு எனக்குப் பஸ்ஸு. எங்க தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளரு. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கூட்டம். தெருவிளக்கு எரியலைன்னா மாநகராட்சிக்கு எழுதி எழுதி வாங்கிக் குடுக்கது நான்தான். பொறுப்பில்லாத ஆளுகளக் கண்டா எனக்கு ஆவாது. ஆனா பேக்கப் முடிய எட்டு மணி ஆவுமே, என்ன செய்ய? ஒரு நாள், அது கேக்கதுக்கு முன்னாலயே ஒரு எண்டர தட்டி வச்சுப் பாத்தேன். கேக்க வேண்டிய நேரம் வந்ததும் அதுவே எடுத்துக்கிட்டுது! அடுத்த வாரத்துல இருந்து, ரெண்டே கால் மணிக்கே ஆறு எண்டரையும் வரிசையாத் தட்டி வச்சிருவேன். டக், டக், டக், டக், டக், டக். அது கேக்கப்போறதுக்கெல்லாம் முன்கூட்டியே பதில். அஞ்சு மணிக்குக் கெளம்பிருவேன்.

நாலு வருசம். இருநூத்திச் சொச்சம் வெள்ளிக்கிழமை. ஒண்ணுகூடத் தவறல. எங்க அக்கா மக கல்யாணத்தன்னைக்கும் முகூர்த்தம் முடிஞ்சு ஆபீசுக்கு வந்து எண்டர் தட்டிட்டுத்தான் பந்தியில உக்காந்தேன். இந்தக் காலத்துல அப்பிடி ஒருத்தன் உண்டுமா, சொல்லுங்க. திங்கக்கிழமை வந்ததும் ஏழு லேபிள்லயும் பழைய தேதிய அழிச்சு புதுத் தேதி எழுதுவேன். கேசட்ட நீங்க பாக்கணுமே, கடையில இருந்து வந்த மேனிக்கு அப்பிடியே இருக்கும். ஒரு கீறல் கெடையாது. ஒண்ணாம் கேசட்தான் கொஞ்சம் தேஞ்சு போச்சு.

மாசக் கடைசியில ரிஜிஸ்டர மேடம் மேசைக்குக் கொண்டு போவேன். ‘பேக்கப் எடுக்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டது’ன்னு எழுதியிருக்கும், கீழ கையெழுத்துப் போடணும். “எல்லாம் சரியாப் போகுதா கோமதிநாயகம்?”னு கேப்பாவ. “ஒரு வெள்ளிக்கிழமை தவறல மேடம்”னு சொல்லுவேன். அதுல ஒரு எழுத்து பொய் உண்டுமா? சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவாவ.

ஒரு தடவை மட்டும் கேட்டாவ. “கேசட்ல இருந்து ஒரு நாலஞ்சு படத்தத் திருப்பி எடுத்துப் பாப்பமா? சரியா வருதான்னு தெரிஞ்சுக்கிடலாம்லா.” எனக்கு சுருக்குன்னு ஆயிட்டு. வேலை செய்யுதவன சந்தேகப்பட்டா எப்பிடி இருக்கும்? ஆனாலும் மரியாதையாத்தான் சொன்னேன், “எழுத்துல குடுங்க மேடம்”னு. குடுத்தாவ. திருப்பி எடுக்கணும்னா வைக்கதுக்குக் காலி டிஸ்க் வேணும், அத வாங்க இண்டெண்ட் போடணும்னு எழுதி டைரக்டருக்கு அனுப்பினேன். எதுக்குன்னு கேட்டு வந்துது. மேடம் பதில் எழுதினாவ. அந்தப் பதில்ல பைல் நம்பர் இல்ல, திருப்பி அனுப்பினேன். நம்பர் போட்டுத் தந்தாவ. அதுக்குள்ள மார்ச் முடிஞ்சு புது வருச ஃபாரம் வந்துட்டு, பழைய ஃபாரம் செல்லாது. எட்டு மாசம் ஓடிட்டு. கடைசியில ஒரு நாள் படகுக்குக் கெளம்புத அவசரத்துல, “விடுங்க கோமதிநாயகம், உங்கள நம்புதேன்”னாவ. நானா வேண்டாம்னு சொன்னேன்? ஒரு தடவைகூடச் சொன்னதில்ல.

போன ஐப்பசியில மழை புடிச்சுதுல்லா, அப்பம் ஒரு திங்கக்கிழமை காலையில சர்வர் கத்துது. டிஸ்க்கு ரெண்டு ஒரே நேரத்துல போயிட்டு. ஒண்ணு போனா தாங்குமாம், ரெண்டு போனா தாங்காதாம். மேடம் ஓடி வந்தாவ. மொகத்துல பெரிய கவலையெல்லாம் இல்ல. “பேக்கப் இருக்குல்லா”ன்னாவ. “பத்திரமா இருக்கு மேடம்”னு பீரோவத் தொறந்து காட்டினேன். ஏழும் வெல்வெட்டு மேல.

அவசரம் என்னன்னா, பன்னெண்டு நாள்ல கோர்ட்டுல கேஸு. சிலுவைன்னு ஒரு படகுக்காரரு, நண்டு வலை போடுதவரு, அவரும் ஊர்க்காரங்களும் போட்ட கேஸு. கடலத் தோண்டுத கம்பெனி ஒண்ணு தோண்டின மண்ண கொண்டு வந்து கொட்டிக் கொட்டிப் பாறையெல்லாம் மூடிப்போச்சு, நண்டு போச்சுன்னு இவங்க சொல்லுதாங்க. பாறையே அங்க கெடையாதுன்னு கம்பெனி சொல்லுது. பாறை இருந்துது, வருசா வருசம் எப்பிடி மூடிச்சுன்னு காட்டுதது மேடம் படம் மட்டுந்தானாம். படகு ஓட்டி அந்தம்மாவக் கூட்டிட்டுப் போனதும் இந்தச் சிலுவைதான். ரெண்டு பேருக்கும் நல்ல சிநேகிதம்.

தாவூதுக்குப் போன் போட்டாவ. அவன் லீவு போட்டு மறுநாள் காலையில வந்து நிக்கான். டிஸ்க்க மாத்தினான். ஒண்ணாம் கேசட்ட மாட்டினான். கொஞ்ச நேரம் பாத்தான். நெத்தியச் சுருக்கினான்.

“அண்ணாச்சி, லேபிள் மாறிட்டா? ஒண்ணுன்னு எழுதியிருக்கு, உள்ள ஏழாம் பாகம்லா இருக்கு?”

“என் லேபிள் மாறாதுடே”ன்னேன்.

“சரி, ரெண்டத் தாங்க.”

தந்தேன். மாட்டினான். கழட்டினான். மூணு. கழட்டினான். நாலு. எனக்கு ஒரே எரிச்சல், சும்மா கழட்டிக் கழட்டி மாட்டினா பொருள் என்னத்துக்கு ஆவும்? ஏழும் முடிஞ்சதும் என்னையப் பாத்துக் கேக்கான்,

“அண்ணாச்சி, ரெண்டாம் கேசட் எங்க?”

“கையில வச்சுக்கிட்டே கேக்கியேடே.”

“இதுல ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி. இது தொட்டே பாக்காத கேசட்டு. ஏழு வரைக்கும் அப்பிடித்தான் இருக்கு.”

நான் வெளக்கமாச் சொன்னேன். முட்டுவலியச் சொன்னேன், எண்டரச் சொன்னேன், முன்கூட்டியே தட்டி வைக்கதச் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரியே, ஒண்ணு மறைக்கல. கேட்டுக்கிட்டே இருந்தவன் அப்பிடியே தரையில உக்காந்துட்டான். அப்புறம் மேடத்தப் பாத்துச் சொல்லுதான், “மேடம், ஒரே சிலேட்டுல ஏழு பாடத்தையும் எழுதியிருக்காரு. ரெண்டாவத எழுதும்போது மொதப் பாடம் அழிஞ்சிரும். கடைசிப் பாடம் மட்டுந்தான் இருக்கு. நாலு வருசமும் அப்பிடித்தான்.”

மேடம் கத்துவாவன்னு நெனச்சேன். கத்தல. “பழைய கேசட்?”னு மட்டும் கேட்டாவ. நான் சர்டிபிகேட்ட எடுத்துக் காட்டினேன். வாங்கி வாசிச்சாவ. ரெண்டு தடவை வாசிச்சாவ. அப்புறம் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, “கொஞ்சம் தண்ணி தாங்க”ன்னாவ. நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சிட்டு சேலைத் தலைப்ப இழுத்துப் போத்திக்கிட்டாவ. ஏசி அவ்வளவு குளிரு அங்க.

ஒண்ணுமே இல்லாமப் போயிட்டுன்னு சொல்லுததும் தப்பு. கடைசிப் பாகத்துல இருந்தத தாவூது எடுத்துக் குடுத்தான். அதுல கடல் படம் ஒண்ணும் இல்ல, ஆபீஸ் பைலுகதான்; பட்டியல்ல கடைசியா என்ன இருந்துது தெரியுமா? எங்க ஆபீஸ்ல குத்தாலத்துக்கு டூர் போனோம்லா, அந்த போட்டோ. எரநூத்தி முப்பது படம்! ஒண்ணு சேதமில்ல. ஐந்தருவியில நான் தலையில துண்டக் கட்டிக்கிட்டு நிக்கது, பரோட்டா சாப்பிடுதது, எல்லாம் பளிச்சுன்னு. அப்பம் பேக்கப் வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? இத விசாரணையில சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. மேடம் அந்தப் படத்துல இல்ல. டூரன்னைக்கும் அவுக கடல்ல இருந்தாவ.

கேஸு தள்ளுபடி ஆயிட்டு. கோர்ட்டுல வாயால சொன்னா எடுபடுமா?

விசாரணைன்னு மூணு பேரு வந்தாங்க. என் ரிஜிஸ்டரப் பாத்தாங்க. எரநூத்திச் சொச்சம் பதிவு, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. மாசா மாசம் கீழ கையெழுத்து யாருது? மேடத்துது. ‘சரிபார்க்கப்பட்டது.’ வந்தவரு அந்த வார்த்தையில வெரல வச்சு, “இதுக்கு என்ன சொல்றீங்க?”ன்னு கேட்டாரு. மேடம் என்ன சொல்லியிருக்கணும்? கோமதிநாயகம் எழுதினாரு, நான் நம்பிப் போட்டேன்னு சொல்லலாம்லா? சொல்லல. “நான் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன். திருப்பி எடுத்துப் பாக்கணும்னு விடாம நின்னிருக்கணும், நிக்கல. தப்பு என்மேலயும் இருக்கு”ன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டாவ. அவுகளே ஒத்துக்கிட்டாவ தம்பி! அப்புறம் நான் என்ன பேச? அவுகளுக்கு மெமோ, இன்கிரிமெண்ட் நிறுத்தம். ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, பாவம்.

எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா டைரக்டரு கூப்பிட்டு, “நீங்க இங்க இருந்தா தெனம் அவுக மொகத்துல முழிக்கணும், வேற எடம் பாத்துக்கிடுங்க”ன்னாரு. ஒம்பது வருசம் உழைச்சவனுக்கு இதுதான் மரியாதை. வழியனுப்பு விழா உண்டுமா? இல்ல. மாலை? இல்ல. ஸ்வீட் பாக்ஸ்? வாட்ச்மேன் மட்டும், “போறியளா சார்”னான்.

நேத்துதான் பாக்கி இல்லைங்குத தாள்ல ஒவ்வொரு செக்‌ஷனா கையெழுத்து வாங்கினேன். எல்லாரும் போட்டாச்சு, மேடம் மட்டும் பாக்கி. ரூம்ல இல்ல. படகுத் துறையில இருக்காவன்னு சொன்னாங்க. முட்டு வலியோட அவ்வளவு தூரம் நடந்தேன். சிலுவையும் அவுகளும் படகுல அந்தக் கருவியக் கட்டிக்கிட்டு இருக்காவ. ஆபீஸ் படகு இல்ல, சிலுவையோடது. ஆபீஸ் டீசலும் கெடையாது, ஊர்க்காரங்க ஊத்தினதாம். அம்பத்தெட்டு வயசுல தலையில துண்டக் கட்டிக்கிட்டு, காலு முழங்கால் வரைக்கும் தண்ணியில.

எனக்கே மனசு எளகிட்டு. ஆறுதலா நாலு வார்த்தை சொல்லுவோம்னு, “கவலப்படாதிய மேடம். கடல் எங்கயும் போயிரலையே, அங்கனதானே கெடக்கு. மறுபடி அளந்தாப் போச்சு”ன்னேன்.

சிலுவை நிமிந்து பாத்தாரு. கையில கயிறு. மேடம் அவரு தோளத் தொட்டு, “நீங்க கட்டுங்க சிலுவை”ன்னாவ. அப்புறம் எங்கிட்ட, மெதுவா, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி, “இன்னைக்கு அளந்தா இன்னைக்கு உள்ளதுதான் தெரியும் கோமதிநாயகம். பதினோரு வருசத்துக்கு முன்னால அங்க பாறை இருந்துதுன்னு எத வச்சுக் காட்டுவேன்?”னாவ.

பாறைக்கு நானா கணக்கு வச்சிருக்கேன்? ஸ்டோர்ல உள்ளதக் கேட்டா சொல்லலாம். தாள நீட்டினேன். கை தண்ணியத் தொடச்சிட்டு வாங்கி, படகு விளிம்புல வச்சுக் கையெழுத்துப் போட்டாவ. திருப்பிக் குடுக்கும்போது கேட்டாவ.

“நாலு வருசம் அந்த மிஷின் உங்ககிட்ட வாரத்துக்கு ஆறு தடவை ஒண்ணு கேட்டுச்சே. ஒரு தடவையாவது என்ன கேக்குதுன்னு முழுசா வாசிச்சியளா?”

“எதுக்கு மேடம் வாசிக்க? எல்லாத் தடவையும் ஒண்ணத்தானே கேட்டுது”ன்னேன்.

சிரிச்சாவ தம்பி. நல்லா சத்தமா சிரிச்சாவ. கண்ணுல தண்ணி வந்துட்டு, அவ்வளவு சிரிப்பு. எம்மேல கோவம் இல்லைன்னு எனக்கு அப்பந்தான் நிம்மதி. சிலுவை மட்டும் சிரிக்கல, மேடம் ஏறினதும் மோட்டாரப் போட்டுட்டாரு. நான் கைய ஆட்டினேன். அவுக திரும்பிப் பாக்கல, கருவியப் பாத்துக்கிட்டு இருந்தாவ. படகு போயிட்டு.

அதுக்கப்புறந்தான் தாளப் பாக்கேன். கையெழுத்து இருக்கு, கீழ தேதி போடல! விஞ்ஞானியாம், ஒரு தேதி போடத் தெரியல. தேதி இல்லாமக் கொண்டு போனா புது ஆபீஸ்ல வாங்குவானா? படகக் கூப்பிட முடியுமா? பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து, அவுக மை கலருலயே, அவுக எழுத்து மாதிரியே, நானே போட்டுக்கிட்டேன். இந்தா பாருங்க, வித்தியாசம் தெரியுதா? நம்மளால ஒரு வேலை பாதியில நிக்கக் கூடாது பாருங்க.